பத்து மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி

அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்த சின்னக் கேமராக்கள் மறுபடி வெளியே வந்துகொண்டிருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு எடுத்துப் போகிறார்கள். கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஆட்டோவில் வைத்து, பொத்தானை ஒரே அமுக்காக அமுக்குவது. பகலில் படம் தேறிவிடும். விளக்கு வைத்த பிறகு எடுத்தால் எல்லாம் கலங்கல். உடனே "பழைய கேமரா, வேறென்ன வரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி அமைப்புகளில் கிடக்கிறது. அதுவும் ஐந்தாறு அமைப்புகளில் மட்டும்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: 2009இல் வந்த கேனன் பவர்ஷாட் ஏ480. பத்து மெகாபிக்சல் சிசிடி சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு, சிசிடி அதில் ஒரு பழைய வகை), 3.3 மடங்கு ஆப்டிகல் ஜூம், 2.5 அங்குலத் திரை, ஏஏ எனப்படும் பென்சில் பேட்டரி இரண்டு. நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. கண் வைத்துப் பார்க்கும் துளையும் கிடையாது. அந்தக் காலத்தில் கடையில் இருந்தவற்றிலேயே கீழ்ப்படி மாடல்களில் ஒன்று. இங்கே சொல்வதில் முக்கால்வாசி, அதே வகுப்பைச் சேர்ந்த எந்த நிறுவனக் கேமராவுக்கும் பொருந்தும்.

முதலில் பேட்டரி. படமே எடுக்காமல் பாதிக் கேமராக்கள் "ரிப்பேர்" ஆவது இங்கேதான். லென்ஸை வெளியே தள்ளும் மோட்டாரும் ஃபிளாஷுக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்றும் நொடிப்பொழுதுக்கு நிறைய மின்சாரத்தை உறிஞ்சும். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் மலிவான துத்தநாக-கார்பன் செல்லால் அதைத் தர முடியாது. அதன் உள்தடை அதிகம் என்பதால், இழுத்த உடனே வோல்டேஜ் சரிந்துவிடும். செல் தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்து அணையும். சில சமயம் லென்ஸ் வெளியே நீட்டியபடியே நின்றுவிடும். புதுச் செல்தானே போட்டோம் என்று நாம் கேமராவைச் சந்தேகிப்போம்.

ஆல்கலைன் போட்டால் ஏறத்தாழ 200 படம் வரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜ் வகை போட்டால் அதைப்போல இரு மடங்கு. ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தானே, எப்படி அதிகம் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆல்கலைனின் வோல்டேஜ் முதல் படத்திலிருந்தே இறங்கிக்கொண்டே வரும். ரீசார்ஜ் வகை, இழுப்பு எவ்வளவு இருந்தாலும் 1.2 பக்கத்திலேயே கடைசி வரை நிற்கும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் போன்ற, தானாகச் சார்ஜ் அதிகம் இறங்காத ரகமாகப் பார்த்து வாங்கவும். சாதாரண ரீசார்ஜ் செல்லைச் சார்ஜ் போட்டு ஒரு மாதம் பையில் வைத்திருந்து விசேஷத்தன்று எடுத்தால் நிறையவே காலியாக இருக்கும். இப்போது யூஎஸ்பி வாய் வைத்த லித்தியம் ஏஏ செல்களும் வருகின்றன. அவை கடைசி வரை 1.5 வோல்ட் காட்டிவிட்டுச் சட்டென்று அறுந்துவிடும். பேட்டரி குறைகிறது என்று கேமரா எச்சரிக்க வழியே இல்லை. இந்தக் கேமராவுக்கு அவை வேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டு செல்லும் ஒரே ஜோடியாக, ஒன்றாகச் சார்ஜ் ஆனதாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் கசிந்து தகட்டில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பவர்ஷாட் ஏ வரிசையில் இன்னொரு பலவீனம் பேட்டரி மூடியின் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி. அது உடைந்தால் மூடி நன்றாக அழுத்தாது, கேமரா நினைத்தபோது அணையும். பழைய கேமரா வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது லென்ஸைக்கூட அல்ல, இந்தக் கொக்கியைத்தான்.

இனி ஒளிக்கு வருவோம். 1/2.3 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருக்கும் சென்சாரின் உண்மை அளவு சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தில் மூன்றில் ஒரு பங்கு தேறலாம். 35 மி.மீ. ஃபிலிம் கட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் முப்பதில் ஒன்று. அந்த இடத்தில் ஒரு கோடிப் பிக்சல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி சொற்பம். வெயிலில் அது தெரியாது. வீட்டுக்குள் வந்ததும் தெரியும். இந்தக் கேமராவின் எல்லாக் குறையும் இந்த ஒரே பசியிலிருந்துதான் பிறக்கிறது. எனவே ஒவ்வொரு அமைப்பைத் தொடும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது ஒளியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

ஜூமைப் பார்ப்போம். ஏ480 லென்ஸ் பழைய ஃபிலிம் கணக்கில் 37 முதல் 122 மி.மீ. வரை போகும். ஜூம் செய்யாத அகலமான முனையில் ஒளி நுழையும் துளை எஃப்/3.0 (எண் கூடினால் துளை சிறிது), முழுதாக ஜூம் செய்த முனையில் எஃப்/5.8. எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது, அதனால் ஒளி கால்பங்காகிவிட்டது. ஒரு டியூப்லைட் எரியும் சாதாரண ஹாலில், ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு எண்ணை 400 வைத்தால், அகல முனையில் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், சுமார் 1/30 வினாடி வரும். மூச்சை அடக்கிப் பிடித்தால் படம் தேறும். அதே இடத்தில் முழு ஜூம் போட்டால் ஷட்டர் 1/8க்கு இறங்கிவிடும். 122 மி.மீ.க்குக் கை நடுக்கம் தெரியாமல் இருக்க 1/125 வேண்டும் என்பது பழைய விதி. பதினாறு மடங்கு பற்றாக்குறை! கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டு எடுத்த படங்கள் ஏன் பேய் மாதிரி இருக்கின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஜூம் பட்டனைத் தொடாமல் நாலு எட்டு முன்னால் நடந்து போவதே நல்லது.

டிஜிட்டல் ஜூமை முதல் நாளே மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். அது ஜூமே அல்ல, கத்தரிக்கோல். 3648க்கு 2736 பிக்சல் கொண்ட படத்தை இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் உண்மையில் கையில் இருப்பது 1824க்கு 1368. அதாவது இரண்டரை மெகாபிக்சல். அதை இழுத்துப் பெரிதாக்கிப் பத்து என்று கணக்குக் காட்டுவார்கள். அந்த வெட்டை வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரிலேயே நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

துளையை நாம் மாற்ற வழியில்லை. பெரிய கேமராக்களில் உள்ளதுபோல் விரிந்து சுருங்கும் இதழ்கள் இந்த வகுப்பில் பலவற்றில் இல்லவே இல்லை. வெயில் கடுமையானால் லென்ஸுக்குள் ஒரு மங்கல் கண்ணாடி வந்து விழும், அவ்வளவுதான். படத் தகவலில் எஃப்/9 என்று எழுதியிருந்தாலும் பின்னணித் தெளிவில் மாற்றம் எதுவும் இருக்காது. முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் குழைந்து வரும் படத்தை இதில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். பூவை ஒட்டிப் போய், மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோவில் எடுத்தால் கொஞ்சம் கிடைக்கும்.

ஆக நம் கையில் மிஞ்சுவது ஐஎஸ்ஓ. ஆட்டோவை விட்டு பி என்ற புரோகிராம் முறைக்கு வந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். ஆட்டோவில் வெள்ளைச் சமநிலையும் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) ஐஎஸ்ஓவும் பூட்டியே இருக்கும். ஏ480இல் ஐஎஸ்ஓ 80 முதல் 1600 வரை. வெயிலில் 80 வைத்துவிட்டு மறந்துவிடலாம். மரநிழல், மேகமூட்டம் என்றால் 100 அல்லது 200. ஜன்னலோர அறை வெளிச்சத்துக்கு 200 முதல் 400 வரை. 400இல் நிழல்களில் புள்ளி தெரியும், ஆனால் முடியிழை பிழைத்திருக்கும். 800இல் கேமராவே புள்ளிகளைத் தேய்த்து அழிக்கப் பார்க்கும். புள்ளியோடு புருவமும் சேலை நெசவும் போய்விடும். 1600 இருப்பது பெட்டியில் அச்சடிக்க. ஆனாலும் ஒன்று: அசைந்து கலங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது, புள்ளி விழுந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியாவது வைத்துக்கொள்ளலாம். குழந்தை ஓடுகிறதென்றால் கூச்சப்படாமல் 800 போடுங்கள்.

அடுத்தது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா தீர்மானித்த வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைப்பது. கூட்டல் கழித்தல் 2 வரை, மூன்றில் ஒரு பங்குப் படிகளாக. இந்தக் கேமராவில் ஒரே ஒரு அமைப்பைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். எதிரே இருப்பது எதுவானாலும் சராசரி சாம்பல் நிறம்தான் என்று ஒளிமானி நம்பிக்கொண்டிருக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர், சுண்ணாம்பு அடித்த சுவர், உப்பளம், கடற்கரை மணல் எல்லாம் அதற்குச் சாம்பல்தான். வெள்ளை அழுக்காகி, அதன் முன்னால் நிற்கும் மாநிற முகம் கரி போல ஆகிவிடும். அங்கே +2/3 அல்லது +1 வையுங்கள். கறுப்புக் கார், கோயிலின் இருண்ட கல்மண்டபம் என்றால் தலைகீழ்: -2/3. இல்லாவிட்டால் கறுப்பு வெளுத்துவிடும். வானம் பாதிப் படத்தை அடைத்திருந்தால் -1/3. இத்தனை சின்னச் சென்சாரில் ஒருமுறை வெளுத்துப்போன மேகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திரையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். எடுத்த படத்தைத் திறந்து டிஸ்ப்ளே பட்டனை அழுத்தினால் ஹிஸ்டோகிராம் வரும்; இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் எவ்வளவு என்று மலைத்தொடர் போலக் காட்டும் வரைபடம். மலைத்தொடர் வலது சுவரில் முட்டி நின்றால் வெள்ளை போய்விட்டது என்று பொருள். எல்லாம் முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும்.

ஃபிளாஷ். இதைப் பற்றி இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. தேவையில்லாத இடத்தில் எரிய விடுகிறார்கள். தேவையான இடத்தில் அணைத்து வைக்கிறார்கள். இதன் வீச்சு சுமார் 3 மீட்டர், ஜூம் போட்டால் இன்னும் குறைவு. தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்பங்கு. பதினைந்து மீட்டர் தள்ளி மேடையில் ஆடுபவருக்கு உங்கள் ஃபிளாஷ் போய்ச் சேராது. முன்வரிசைக்காரர்களின் பின்மண்டையை மட்டும் பளிச்சென்று காட்டும். கேமராவும் அந்த மண்டைகளைப் பார்த்து எக்ஸ்போஷரைத் தீர்மானித்துவிடும், மேடை கும்மிருட்டாகும். அங்கே அணைக்க வேண்டும். மாறாக, நடு மத்தியானம் வானத்துக்கு முன்னால் நிற்பவரின் முகத்தில் நிழல் விழும்போது, வலது அம்பு பட்டனை அழுத்தி ஃபிளாஷைக் கட்டாயமாக எரிய வையுங்கள். இரண்டு மீட்டருக்குள் நிற்கச் சொல்லுங்கள். கண்குழி இருட்டு நீங்கிவிடும். பட்டப்பகலில் ஃபிளாஷா என்று பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இருட்டிய பிறகு கூட்டமாக நிற்கும் படத்துக்கு ஸ்லோ சிங்க்ரோ என்ற முறை. ஃபிளாஷ் முகத்துக்கு, நீண்ட ஷட்டர் பின்னணி விளக்குகளுக்கு. ஃபிளாஷ் வெட்டியதும் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள், அதுதான் சிக்கல்; "அசையாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: ஃபிளாஷ் படங்களில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதப்பதைக் காட்டி ஆவி என்று நம்புபவர்கள் உண்டு. ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், முன்னால் மிதக்கும் தூசியும் மழைத்துளியும் ஒளிபட்டுத் தெளிவில்லாத வட்டங்களாக விழுகின்றன. அவ்வளவுதான் ஆவி. ஒரு முறை எரிந்த பிறகு மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடிகள் ஆகும். இரண்டு செல்தானே, அதுவரை திரைகூட இருண்டுவிடும். செல் பலவீனமாக இருந்தால் இந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். சார்ஜ் தீர்ந்துவருவதை முதலில் சொல்வது பேட்டரிக் குறி அல்ல, இந்த இடைவெளிதான்.

"பொத்தானை அமுக்கினேன், குழந்தை திரும்பிய பிறகுதான் எடுத்தது" என்ற புகாருக்குக் காரணம் பொத்தானில் இரண்டு படிகள் இருப்பதை அறியாததே. பாதி அழுத்தினால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டப்படும். இரண்டு பீப் ஒலி, பச்சைச் சட்டம். அங்கேயே விரலை நிறுத்தி வைத்து, சரியான கணத்தில் மீதியை அழுத்தினால் தாமதம் ஏறக்குறைய தெரியாது. ஒரே அமுக்காக அமுக்கினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஃபோகஸ் தேடிய பிறகுதான் படம். ஃபோகஸ் கட்டத்தை மெனுவில் சென்டர் என்று மாற்றிவிடுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளும். இந்த வகைக் கேமரா வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான விளிம்பைத் தேடித்தான் ஃபோகஸ் செய்கிறது. வெறும் வெள்ளைச் சுவர், ஒரே நிறச் சேலை, மங்கிய அறை, ஜன்னல் கம்பிக்கு அப்பால் இருக்கும் பொருள் ஆகியவற்றில் தடுமாறும். அதே தூரத்தில் இருக்கும் ஒரு சட்டைக் காலரையோ கதவு விளிம்பையோ நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் சட்டகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

மேக்ரோ ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கும், ஆனால் அகல முனையில் மட்டும். அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும்; மோதிரம், நாணயம், தாலிக்கொடி எடுக்க ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வசதி. ஃபிளாஷ் வேண்டாம், லென்ஸ் குழல் மறைத்து ஒரு மூலை இருட்டாகும். ஜன்னல் ஓரம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் போதும். ரேஷன் கார்டு, பழைய பத்திரம் போன்றவற்றைப் படியெடுக்க அகல முனை உதவாது. ஓரக்கோடுகள் பீப்பாய் போல வளையும். சற்றுத் தள்ளி நின்று நடு ஜூமில் எடுக்கவும்.

வெள்ளைச் சமநிலை பகலில் ஆட்டோவே போதும். பழைய மஞ்சள் பல்பு, விலை மலிந்த எல்இடி விளக்குகளின் கீழேதான் ஏமாறும். அப்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, அதே விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைத் திரை நிறையக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுநாள் வெயிலில் எல்லாம் நீலமாக வந்தால் பதற வேண்டாம், நேற்று வைத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ராத்திரிக் காட்சிக்கு 15 வினாடி வரை திறந்திருக்கும் வசதி உண்டு. முக்காலி இல்லாவிட்டால் மதில்சுவர், அரிசி மூட்டை, எதுவானாலும் சரி. ஐஎஸ்ஓ 80, இரண்டு வினாடி டைமர், கையை எடுத்துவிடுங்கள். எடுத்து முடித்த பிறகும் கேமரா அதே அளவு நேரம் மௌனமாக இருந்தால் தொங்கிவிட்டது என்று செல்லைப் பிடுங்காதீர்கள். ஷட்டரை மூடியபடி இன்னொரு இருட்டுப் படம் எடுத்து, சென்சாரின் புள்ளிகளைக் கண்டுபிடித்து முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருக்கிறது. வெயிலையோ ஹெட்லைட்டையோ நேராகக் காட்டும்போது திரையில் மேலிருந்து கீழாக ஊதாக்கோடு விழுவதும் பழுது அல்ல, அது சிசிடியின் சுபாவம். வீடியோவில் பதிவாகும், புகைப்படத்தில் வராது.

கார்டு விஷயத்தில் பணம் வீணாவது அதிகம். 2009ஆம் ஆண்டுக் கேமராவுக்கு 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஹெச்சி கார்டுதான் கணக்கு. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வரும், அதை இது படிக்காது. நான்கோ எட்டோ ஜிபி போதும். முழு அளவு, ஃபைன் தரத்தில் ஒரு படம் சில எம்பிதான். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யவும். "கார்டு லாக்டு" என்று வந்தால் பக்கவாட்டில் உள்ள சின்ன நெம்புகோலைப் பாருங்கள். கோப்பு எண்ணைக் கன்டினியுவஸ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கார்டுக்கும் முதல் எண்ணிலிருந்து தொடங்கி, கம்ப்யூட்டரில் போடும்போது பழைய படத்தின் மேல் புதியது ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஏ வரிசையில் பலவற்றுக்கு சிஆர்1220.

கை ஊறுபவர்களுக்கு ஒரு செய்தி. சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருள் கேனனின் இந்தச் சின்னக் கேமராக்களுக்காக ஆர்வலர்கள் எழுதியது, ஏ480க்கும் உண்டு. கார்டிலிருந்து ஏறி நினைவகத்தில் மட்டும் ஓடும். கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காது. சேர்த்தால் ரா கோப்பும் (கேமரா மெருகேற்றாத மூலப் படத் தரவு), ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதியும் கிடைக்கும். கார்டை எடுத்துவிட்டால் பழையபடி.

பழையது வாங்கப் போகிறவர்கள் நாலு நல்ல செல்லைக் கையோடு கொண்டுபோக வேண்டும். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று மணல் அரைபடும் ஓசை கேட்டால் வாங்காதீர்கள். "லென்ஸ் எரர்" அடுத்த வாரமோ அடுத்த மாதமோ நிச்சயம். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் ஒட்டிய தூசி சாம்பல் திட்டாகத் தெரியும். இதைத் துடைக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும். லென்ஸை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்திவலை போலத் தெரியும்; கடலோர ஊர்களில் அலமாரியில் கிடந்தவற்றுக்கு இது சகஜம். 2002–2004 வாக்கில் வந்த கேமரா என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் காலச் சிசிடிகள் சிலவற்றில் உள்கம்பி இணைப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போய், படம் ஊதாவாகக் கலைந்தோ முழுக் கறுப்பாகவோ வரும். 2005இல் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து இதை அறிவித்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. இன்று மாற்றித் தர யாரும் இல்லை. ஆகவே கடையிலேயே பத்து நிமிஷம் தொடர்ந்து போட்டு வைத்து, சூடான பிறகு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.